பொன்முடிப் பாதையின் பாடம்

வித்துராவைத் தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். ரேஸ் ஆசையோடு ஏறிவரும் இளைஞர்களுக்கு இந்த மலை கற்றுத்தருவது வேகத்தை அல்ல, பொறுமையை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வித்துரா கடைவீதியில் டீக்கடைகளில் புட்டும் கடலையும் தயாராகிவிட்டன. அரசுப் பேருந்து டிப்போவிலிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. ரப்பர் ஷீட் ஏற்றிய ஜீப் ஒன்று சந்தை ஓரம் நிற்கிறது. அந்த நேரத்தில்தான் நெடுமங்காடு சாலையிலிருந்து அந்தச் சத்தம் கேட்கிறது. புல்லட், கேடிஎம், யமஹா என்று ஏழெட்டு பைக்குகள். ஓட்டிவந்தவர்கள் தோள்பட்டையில் பஞ்சு வைத்த ஜாக்கெட்டும் முழங்காலுக்குக் கவசமும் அணிந்திருக்கிறார்கள். ஹெல்மெட்டின் உச்சியில் சிறிய கேமரா. டீ குடித்து முடிப்பதற்குள் பேச்சு தொடங்கிவிடுகிறது. போன வாரம் யார் எத்தனை நிமிடத்தில் மேலே போனது? இன்று யார் முந்துவது?

வார இறுதிகளில் வித்துராவாசிகளுக்கு இது பழகிப்போன காட்சி. திருவனந்தபுரத்திலிருந்து வடகிழக்கே, நெடுமங்காடு வழியாகச் சுமார் 37 கி.மீ. வந்தால் இந்த ஊர். தென்னையும் மரவள்ளியும் மெல்லப் பின்வாங்கி, ரப்பர் தோட்டங்கள் சாலையை நெருங்கி நிற்கும் இடம். இங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை எழும்புகிறது. ஒரு பக்கம் பேப்பாறை அணை. கரமனை ஆற்றின் குறுக்கே 1983-ல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணைதான் தலைநகரின் குடிநீர்த் தொட்டி. இன்னொரு பக்கம் போனக்காடு. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் கூடத்துக்குக் கேரளப் பக்கத்திலிருந்து நடந்து போகிறவர்கள் அங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். மலையைத் தாண்டிவிட்டால் பாபநாசம், தாமிரபரணி, நம் திருநெல்வேலிச் சீமை. மூன்றாவது பாதை கல்லாறு வழியாகப் பொன்முடிக்கு ஏறுகிறது. பைக் இளைஞர்கள் தேடிவருவது இந்தப் பாதையைத்தான்.

வித்துரா தூங்கிக்கொண்டிருக்கும் மலையடிவாரக் கிராமம் அல்ல. இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் திருவனந்தபுரம் வளாகம் இந்த ஊரின் மருதமலைச் சரிவில்தான் இருக்கிறது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வந்த மாணவர்கள் கடைவீதியில் இந்தியிலும் வங்காளத்திலும் தமிழிலும் பேரம் பேசுகிறார்கள். காணிக்காரப் பழங்குடியினர் காட்டுத் தேனோடு சந்தைக்கு இறங்கிவருகிறார்கள். தேயிலைத் தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இத்தனை பேருக்கும் பொதுவானது இந்த ஒரே சாலை. அதன் மேல்தான் வார இறுதி ரேஸ் நடக்கிறது.

வித்துராவிலிருந்து கல்லாறு வரை பாதை சாதுவானது. கூழாங்கற்கள் மேல் ஓடும் ஆறு கூடவே வருகிறது. கோடையில் குழந்தைகள் விளையாடும் அளவுக்கு அடக்கமாகத் தெரியும். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். வனத்துறையின் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் காடு சூழ்கிறது. பிறகு வளைவுகள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகலாம். 22 முடியும்போது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், புல்வெளியும் பனிமூட்டமுமாகப் பொன்முடி.

சாலை குறுகல். கொண்டை ஊசி வளைவு என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது பேருந்து திரும்பும்போது புரியும். ஓட்டுநர் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்கிறார். வேறு வழியில்லை. எதிரே பைக்கில் வருகிறவருக்கு ஒதுங்கக் கிடைப்பது ஓரத்து மண் மட்டுமே.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல டயர், காய்ந்த தார். அப்போதும் மணிக்குச் சுமார் 32 கி.மீ. வேகத்துக்கு மேல் போனால் டயர் பிடி விட்டுவிடும். அதே வளைவில் மழை பெய்து, பிடி பாதியாகக் குறைந்தால் எல்லை 22 கி.மீ. ஆகிவிடும். பாசி, உதிர்ந்த இலை, லாரி சிந்திய டீசல் என்றால் இன்னும் கீழே. இந்தக் கணக்கில் பைக்கின் விலைக்கும் ஓட்டுபவரின் துணிச்சலுக்கும் இடமில்லை. மணிக்கு 40 கி.மீ.யில் வருகிறவர் எதிரே பேருந்தைப் பார்த்து, கை பிரேக்குக்குப் போவதற்கு ஒரு விநாடி ஆகிறது என்றால், அந்த ஒரு விநாடியில் பைக் 11 மீட்டர் ஓடிவிடும். வளைவின் ஆரத்தைவிட அது அதிகம்.

ரேஸ் ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். அதனால்தான் அவர்களுடைய தயாரிப்பு மாதங்கள் டீக்கடை இளைஞர்கள் கற்பனை செய்வதைப் போல இருப்பதில்லை.

ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடைப்பட்ட காலத்தில் ரேஸ் வீரர் பைக் மேல் இருக்கும் நேரத்தைவிட அதற்கு வெளியே இருக்கும் நேரமே அதிகம். முதலில் பழைய காயங்களுக்கு வைத்தியம். பிறகு உடல். ரேஸில் இதயத் துடிப்பு மணிக்கணக்கில் ஏறியே நிற்கும். அதைத் தாங்க ஓட்டம், நீச்சல், எல்லாவற்றுக்கும் மேலாக சைக்கிள். பிரேக்கையும் கிளட்ச்சையும் விடாமல் அழுத்தினால் முன்கைத் தசை இறுகி, விரல்கள் சொன்னபடி கேட்காது. கழுத்து, இடுப்பு, தொடை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி. மோட்டார் சைக்கிள் வீரர்கள் பலர் மிதிவண்டியில் மலையேறுவது இதற்காகத்தான். வித்துராவிலிருந்து பொன்முடிக்குப் போகும் பாதை அந்தப் பயிற்சிக்கு அச்சாகப் பொருந்தும். ஏறும்போது வேகம் குறைவு, உழைப்பு அதிகம், ஆபத்து கொஞ்சம்.

புதிய டீமில் சேர்ந்திருந்தால் வேலை இரட்டிப்பாகிறது. பைக் புதிது. கைப்பிடியின் உயரம், பிரேக் லீவரின் சாய்வு, கால்வைக்கும் கட்டையின் இடம் எல்லாம் அவருடைய உடம்புக்கு ஏற்ப மாற வேண்டும். அவருடைய எடைக்குத் தகுந்த ஸ்பிரிங்கை சஸ்பென்ஷனில் போட வேண்டும். அதைவிடக் கடினமானது மெக்கானிக்குடன் ஒரு பொது மொழியை உருவாக்குவது. 'முன்பக்கம் நழுவுகிறது' என்று வீரர் சொன்னால் அது டயரின் காற்றா, ஸ்பிரிங்கா, ஓட்டியவரின் தயக்கமா என்று மெக்கானிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு மாற்றங்களைச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. அதனால் ஒரு மாற்றம், சில சுற்றுகள், குறிப்பேட்டில் எழுதுதல், மறுபடியும் ஒரு மாற்றம். பார்ப்பவர்களுக்கு அலுப்புத் தட்டும் வேலை.

பெங்களூர் வீரர் சி.எஸ்.சந்தோஷ் இதற்கு நல்ல உதாரணம். உலகின் மிகக் கடுமையான ராலி என்று பெயரெடுத்த டக்காரை 2015-ல் முடித்து, அதைச் செய்த முதல் இந்தியரானார். அப்போது 36-வது இடம். அடுத்த ஆண்டு சுஸுகியில் போனார், முடிக்க முடியவில்லை. 2016-ல் ஹீரோ நிறுவனம் ஜெர்மனியின் ஸ்பீட்பிரெய்ன் துணையோடு புதிதாக ராலி டீம் தொடங்கியபோது அதில் சேர்ந்தார். டீம் புதிது, பைக் புதிது, உடன் வேலை செய்பவர்களும் புதியவர்கள். 2017 டக்காரில் 47-வதாக வந்தார். தரவரிசையை மட்டும் பார்த்தால் இது 2015-ஐவிடப் பின்னடைவு. புதிய டீம் ஒன்று முதல் முயற்சியிலேயே வண்டியைக் கடைசிக் கோடு வரை கொண்டுவந்தது என்று பார்த்தால் அதன் மதிப்பு வேறு. 2018-ல் அதே டீமில் 34-வது இடத்துக்கு ஏறினார்.

கேரளத்திலேயே இன்னும் பெரிய உதாரணம் இருக்கிறது. பாரதப்புழைக் கரையில் உள்ள ஷொர்ணூரைச் சேர்ந்தவர் ஹரித் நோவா. தேசிய சூப்பர்கிராஸ் பட்டத்தைப் பலமுறை வென்றவர். சூப்பர்கிராஸ் என்பது மண்மேடுகளில் தாவித்தாவிச் சில நிமிடங்களில் முடிந்துவிடும் போட்டி. டக்கார் இரண்டு வாரம் நீளும் பாலைவனப் பயணம். பிரான்ஸின் ஷெர்கோவும் ஓசூரின் டிவிஎஸ்ஸும் சேர்ந்து நடத்தும் டீமில் அவர் ராலிக்கு வந்தபோது, வேகமாக ஓட்டுவதை யாரும் அவருக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. மெதுவாக யோசிப்பதைத்தான் கற்க வேண்டியிருந்தது.

ராலியில் பாதை முன்கூட்டித் தெரியாது. கைப்பிடிக்கு மேலே பொருத்திய வழிகாட்டிக் குறிப்பைப் பார்த்து ஓட்ட வேண்டும். ஒரு காலத்தில் அது காகிதச் சுருள். இப்போது மின்னணுத் திரை. எத்தனை கி.மீ.யில் எந்தத் திசை, எங்கே பள்ளம், எங்கே மூன்று ஆச்சரியக்குறி போட்ட பேரபாயம் என்பதெல்லாம் அதில் குறியீடுகளாக இருக்கும். கண் ஒரு நொடி திரையில், மறு நொடி மணலில். இந்தப் பழக்கம் வரப் பல மாதங்கள் ஆகும். டக்கார் ஜனவரியில் நடப்பதால், கேரளத்தில் பருவமழை கொட்டும் மாதங்களே அதற்குத் தயாராகும் மாதங்கள்.

பலன் உடனே கிடைத்துவிடவில்லை. 2020-ல் முதல் டக்கார். 2021-ல் 20-வது இடம், அதுவரை எந்த இந்தியரும் எட்டாத இடம். 2024 ஜனவரியில் சவுதி அரேபியாவின் அல்உலாவில் தொடங்கி யான்புவில் முடிந்த போட்டியில், ராலி-2 பிரிவில் முதலிடம். ஒட்டுமொத்த வரிசையில் 11-வது. டக்காரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியர் ஷொர்ணூர்க்காரர் என்ற செய்தி கேரளத்தில் பல இளைஞர்களை பைக் கடைக்கு ஓட வைத்திருக்கும். அடுத்த ஆண்டு நடந்ததையும் அவர்கள் கவனித்திருந்தால் நல்லது. 2025 டக்காரின் முன்னோட்டச் சுற்றிலேயே விழுந்து, காயத்தோடு விலக வேண்டியதாயிற்று. ஓராண்டுத் தயாரிப்பு ஒரு நாளில் முடிந்துபோனது.

சந்தோஷுக்கு நேர்ந்தது இன்னும் கொடியது. 2021 டக்காரில் விழுந்து தலையில் பலத்த அடி. ரியாத் மருத்துவமனையில் மருந்தின் மூலம் கோமா நிலையில் வைத்துச் சிகிச்சை தந்தார்கள். பிழைத்து நாடு திரும்பினார். அங்கே ஹெலிகாப்டர் இருந்தது, மருத்துவக் குழு தயாராக இருந்தது, வண்டி எங்கே நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள் கருவி சொல்லிக்கொண்டிருந்தது. பொன்முடிப் பாதையின் பதினைந்தாவது வளைவில் விழுந்தால் இதில் எதுவும் கிடையாது. அந்த வழியாக அடுத்து வரும் வண்டி நிற்க வேண்டும். கீழே வித்துராவில் தாலுகா மருத்துவமனை. தலையில் அடி என்றால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டும்.

அப்படியானால் ரேஸ் ஆசை கொண்ட வித்துரா இளைஞன் எங்கேதான் போவான்? பதில் மலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் ரேஸ் நடந்தது. வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் கூட்டம் அலைமோதிய காலம் அது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரச் சுற்றுப்பாதை வந்தது. நீளம் சுமார் 3.7 கி.மீ. கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் இன்னொன்று. 1995-ல் விமான விபத்தில் இறந்த ரேஸ் வீரரும் கார் வடிவமைப்பாளருமான கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. டிவிஎஸ் நிறுவனத்தின் ரேஸ் பிரிவு 1982-லிருந்து இயங்குகிறது. சென்னையின் சரத்குமார் 2011-ல் 125 சிசி உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார் என்றால், இப்படிப்பட்ட பாதைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததும் ஒரு காரணம்.

சுற்றுப்பாதையில் எதிரே பேருந்து வராது. விழுந்தால் உருண்டு போக இடம் உண்டு. கொடி அசைக்க ஆளும், ஓரமாக ஆம்புலன்ஸும் உண்டு. ஒரே வளைவை ஐம்பது தடவை ஓட்டலாம். எங்கே பிரேக்கை விட வேண்டும், எங்கே கண்ணைத் திருப்ப வேண்டும் என்பது அப்போதுதான் உடம்பில் பதியும். ஆனால் வித்துராவிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ 400 கி.மீ. பைக்கை வேனில் ஏற்றிப் போக வேண்டும். பாதைக் கட்டணம், டயர், தோல் உடை என்று செலவு நீள்கிறது. ரப்பர் வெட்டும் தொழிலாளியின் மகனுக்கோ டீக்கடைக்காரர் மகனுக்கோ கட்டுப்படியாகாது. இருபத்திரண்டு வளைவுகள் வாசலிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முறையாக நடந்தால் இதே மலையில் ரேஸ் நடத்த முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2023 அக்டோபர் இறுதியில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் பொன்முடியில் நடந்தது. இந்தியாவில் அந்தப் போட்டி நடந்தது அதுவே முதல் முறை. களம் பொதுச் சாலை அல்ல. மெர்சிஸ்டன் தேயிலைத் தோட்டத்துக்குள் போட்டிக்கென்றே அமைத்த மண்பாதை. சீனா, ஜப்பான், கஜகஸ்தான் என்று பல நாட்டு வீரர்கள் வித்துரா வழியாக மேலே போனார்கள். கிராஸ் கன்ட்ரி, டவுன்ஹில், ரிலே என்று நாலு நாள் போட்டிகள்.

மலைச் சைக்கிள் வீரர்களுக்கும் மோட்டார் பந்தயக்காரர்களுக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டு. பாதையில் ஓட்டுவதற்கு முன் அதில் நடந்து பார்ப்பார்கள். எந்தக் கல் அசைகிறது, எந்த வேர் ஈரமாக இருக்கிறது, வளைவுக்குப் பின் தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று குனிந்து பார்த்து மனதில் குறித்துக்கொள்வார்கள். பிறகு மெதுவாக ஒரு சுற்று. அதற்குப் பிறகுதான் வேகம். ஞாயிற்றுக்கிழமை பைக்குகளில் பறப்பவர்களில் 22 வளைவுகளையும் ஒரு தடவையாவது நடந்து கடந்தவர்கள் எத்தனை பேர்?

நடந்து பார்த்தால் இந்தச் சாலையின் வலுவின்மையும் புரியும். 2022-ல் மழையில் சாலையின் ஒரு பகுதி இடிந்து பள்ளத்தில் சரிந்தது. பொன்முடிக்குப் போக்குவரத்து மாதக்கணக்கில் நின்றது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது ஒரு விடுமுறை ஏமாற்றம். மேலே குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கோ அரிசி, மருந்து, பள்ளிக்கூடம் எல்லாம் இந்தச் சாலை வழியாகத்தான். மழை கொண்டுபோனதை அரசு திரும்பக் கட்டிக்கொடுத்தது. வளைவில் அடிபட்டுப் போகிற உயிரை அப்படிக் கட்டிக்கொடுக்க முடியாது.

சட்டம் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் விடுவதைக் குற்றமாக்குகிறது. 2019-ல் செய்த திருத்தத்தில் முதல் குற்றத்துக்கான அபராதம் 5,000 ரூபாய் வரை உயர்ந்தது, சிறைத்தண்டனையும் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு போலீஸ்காரரை நிறுத்த முடியாது என்பது இளைஞர்களுக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும். அபராதத்தைவிட அதிகம் உதவக்கூடியது மாதத்தில் ஒரு நாளாவது குறைந்த கட்டணத்தில் பாதுகாப்பான பாதையில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு. தேயிலைத் தோட்டத்தில் சர்வதேசப் பாதை அமைக்க முடிந்த மாநிலத்துக்கு ஒரு சிறிய மண் களம் எட்டாத காரியமாக இருக்காது.

அதுவரை நல்ல ஆசான் ஒருவர் தினமும் இதே பாதையில் போய்வருகிறார். வித்துரா டிப்போவிலிருந்து பொன்முடிக்குப் பேருந்து ஓட்டும் ஓட்டுநர் வளைவுக்கு முன்பே கியரை இறக்குகிறார், நீளமாக ஹாரன் அடிக்கிறார், ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, கண்ணாடியில் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே திருப்புகிறார். இறங்கும்போது பிரேக் சூடாகிவிடாமல் இன்ஜினையே தடையாகப் பயன்படுத்துகிறார். ஏறிய அதே கியரில் இறங்கு என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய விதி. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, பார்வையை வளைவின் முடிவில் வை, வெளியே வரும்போது மட்டும் முடுக்கு என்று ரேஸ் பள்ளியில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருவதும் கிட்டத்தட்ட இதுவேதான்.

மாலை நெருங்கும்போது பொன்முடியில் மூட்டம் இறங்குகிறது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. காலையில் சீறிக்கொண்டு ஏறிய பைக்குகள் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு பேருந்துக்குப் பின்னால் வரிசையாக இறங்குகின்றன. முந்திச் செல்ல இடமில்லை. அதன் சிவப்பு விளக்குகளையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு இருபத்திரண்டு, இருபத்தொன்று, இருபது என்று வளைவுகளைத் தலைகீழாக எண்ணியபடி அவர்கள் கல்லாறு வந்து சேர்கிறார்கள். வித்துரா கடைவீதியில் டீ இன்னும் சூடாகவே இருக்கிறது.